எல்கேஜி பிள்ளைக்கு எழுதப் பழக்குவது: முதலில் 'அ'வா, 'ட'வா?

#1 செம்பருத்தி

பெண் பிள்ளை, வயது மூன்று வருஷம் எட்டு மாசம். எல்கேஜி. தினமும் ஒரு பக்கம் 'அ' வீட்டுப்பாடம், புள்ளி வைத்த எழுத்தின் மேல் பென்சிலை ஓட்ட வேண்டும். பென்சிலை முஷ்டியில் பிடிக்கிறாள், நாலாவது எழுத்துக்குள் "கை வலிக்குது" என்று தூக்கிப் போடுகிறாள். எழுத்து தெரியாமல் இல்லை. அ முதல் ஃ வரை ஒப்பிக்கிறாள், சார்ட்டில் காட்டினால் பாதிக்கு மேல் சரியாகச் சொல்கிறாள்.

இந்த வயதில் எழுதத்தான் வேண்டுமா? வேண்டுமென்றால் எந்த எழுத்தில் ஆரம்பிக்க? வீட்டில் என்ன செய்தால் கை பழகும்? விவரமாகச் சொல்லுங்கள்.

#2 ரவைத்தட்டு

கை வலிக்கிறது என்பது சாக்கு இல்லை. முஷ்டியில் பிடித்தால் விரல் அசையாது, தோளிலிருந்து மொத்தக் கையும் சேர்ந்து அசைந்தாக வேண்டும். அப்படி ஒரு பக்கம் எழுதினால் பெரியவர்களுக்கும் வலிக்கும்.

பிள்ளைகள் கோடு போடுவதில் ஒரு வரிசை உண்டு. இரண்டு வயதுவாக்கில் நாம் போடுவதைப் பார்த்து நிற்கும் கோடு வரும். மூன்று வயதில் வட்டம். நான்கை ஒட்டிக் கூட்டல் குறி. நாலரைவாக்கில் சதுரம். சாய்கோடு, அதாவது முக்கோணம், ஐந்து வயதுப் பக்கம். பென்சில் பிடியும் அப்படித்தான்: முஷ்டி, பிறகு எல்லா விரலும் மேலிருந்து கவிழ்ந்த பிடி, மூன்றரை நான்கில் மூன்று விரல் பிடி (ஆனால் விரல் அசையாது, மணிக்கட்டுதான் அசையும்), நாலரைக்கு மேல் ஆறுக்குள் விரல் நுனிகளே அசையும் பிடி. ஆறு மாசம் முன்பின் ஆவது சாதாரணம்.

இப்போது 'அ'வைப் பாருங்கள். சுழி, வளைவு, படுக்கைக் கோடு, நிற்கும் கோடு, நான்கும் ஒரே எழுத்தில் இருக்கின்றன. கூட்டல் குறியே முழுசாக வராத வயதில் இதைக் கேட்கிறோம். அதோடு புள்ளிக் கோட்டின் மேல் ஓட்டுவது எழுதுவதே இல்லை. பிள்ளை ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்குத் தாவுகிறது, அவ்வளவுதான். எங்கே ஆரம்பித்தாள், எந்தப் பக்கம் போனாள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். கீழிருந்து மேலே, நடுவிலிருந்து இரண்டு பக்கமும் என்று கண்டபடி போயிருப்பாள். பக்கம் நிரம்பிவிட்டதால் மிஸ் டிக் போட்டிருப்பார்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது சின்னது. பென்சிலை இரண்டு மாசம் ஒளித்து வையுங்கள். கிரேயானை இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் துண்டுகளாக உடைத்துக் கொடுங்கள். அவ்வளவு சின்னதை முஷ்டியில் பிடிக்கவே முடியாது, மூன்று விரல் தானாக வந்து சேரும். வாய்க்குக் கொண்டுபோகிற பழக்கமோ கைக்குழந்தையோ வீட்டில் இருந்தால் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். தாளைத் தரையில் வைக்காமல் கண் உயரத்துக்குக் கதவில் ஒட்டுங்கள். நிமிர்ந்த பரப்பில் வரைந்தால் மணிக்கட்டு பின்பக்கம் வளைந்து நிற்கும், எழுதும்போது வேண்டிய நிலை அதுதான். தோளும் சேர்ந்து உறுதியாகும். சிமெண்ட் தரையில் குப்புறப் படுத்துச் சாக்குக்கட்டியால் கிறுக்குவதும் நல்லது, அதைத் திட்டி எழுப்ப வேண்டாம்.

#3 மூன்றுசுழி

எழுத்து வரிசைக்கு வருகிறேன்.

நெடுங்கணக்கு வரிசை மனப்பாடத்துக்கும் அகராதிக்கும். எழுதும் வரிசை கை போகும் வழியைப் பார்த்து அமைய வேண்டும். தமிழில் மிக எளிய எழுத்து 'ட'. மேலிருந்து கீழே, அப்படியே வலப்பக்கம். கையை எடுக்கவே வேண்டாம். அதே கோட்டை மேலே ஏற்றினால் 'ப'. ஏறிய கோட்டை இடப்பக்கம் மடக்கி அடிக்கோட்டுக்கு இறக்கினால் 'ம'. மூன்று எழுத்து, ஒரே ஓட்டம். இதில் பழகிய கைக்கு வளைவு வந்த பிறகு க, ச, த. மூன்றுக்கும் உடம்பு ஒன்றுபோல, முடிகிற இடத்தில்தான் வேறுபாடு. அதற்குப் பிறகு சுழியில் தொடங்குகிறவை: வ, ல, ள, ன, ண. அ, இ எல்லாம் இதற்கும் பிறகு வந்தால் போதும். ஞ, ழ கடைசி.

தவறு வரும் இடங்கள்: 'ப'வைக் கீழிருந்து தொடங்குவார்கள், அல்லது மேலே மூடிப் பெட்டியாக்கிவிடுவார்கள். 'ம'வை 'ப' போட்டுவிட்டு உள்ளே தனியாக ஒரு கோடு சேர்ப்பார்கள். பார்க்க 'ம' மாதிரியே இருப்பதால் பெரியவர்கள் விட்டுவிடுவார்கள். விடக்கூடாது, ஆனால் ரப்பர் எடுத்து அழிக்கவும் கூடாது. பக்கத்தில் நீங்கள் ஒன்று மெதுவாகப் போட்டுக் காட்டி, "இறங்கு, ஓடு, ஏறு, மடங்கு, இறங்கு" என்று சொல்லிக்கொண்டே இன்னொன்று போடச் சொல்லுங்கள். 'ட'வுக்கு "இறங்கு, ஓடு" மட்டும். பிள்ளைகள் இதைப் பாட்டாகவே பிடித்துக்கொள்வார்கள்.

'ர'வும் காலும் அடுத்த தொல்லை. வால் இருந்தால் ர, இல்லாவிட்டால் கால். இரண்டையும் ஒரே வாரத்தில் தொடவே கூடாது.

#4 எட்டாம்மைல்

@மூன்றுசுழி, கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அகரம் முதல் என்று ஆயிரம் வருஷமாகச் சொல்லித் தந்திருக்கிறோம். விஜயதசமிக்கு அரிசியில் விரல் பிடித்து எழுதுவதும் 'அ'தான். 'ட'வில் ஆரம்பித்தால் வீட்டுப் பெரியவர்களுக்கு என்ன பதில்? பள்ளிக்கூடம்தான் ஒப்புக்கொள்ளுமா?

#5 மூன்றுசுழி

அரிசியில் எழுதுகிற அன்றைக்கு 'அ' எழுதட்டும், யார் வேண்டாம் என்றது? அது சடங்கு, பெரியவர் கை பிடித்து எழுதுகிறார். மறுநாள் பிள்ளை தன் கையால் எதை எழுதும் என்பதுதான் நம் பேச்சு.

மரபு என்றே பார்த்தாலும் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எடுத்ததும் ஓலையும் எழுத்தாணியும் கொடுக்கவில்லை. மணலில் விரலால் எழுதிப் பழகிய பிறகுதான் ஓலைக்கு வந்தார்கள். சார்ட்டு மாட்டி, பென்சில் கொடுத்து, பக்கம் நிரப்பச் சொல்வதுதான் புதுசு. 'ட, ப, ம' என்று கோட்டு வரிசையில் கற்பிப்பதும் நம் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்குப் பழகிய முறைதான்.

#6 ரவைத்தட்டு

தட்டில் எழுதுவது பற்றி ஒரு வார்த்தை. அரிசி சடங்குக்குச் சரி, பழக்கத்துக்குப் பெரிய பருக்கை. கோடு நிற்காமல் சரிந்து மூடிக்கொள்ளும். ரவை அல்லது சலித்த மணல் நல்லது. அடி கருப்பாகவோ கரும்பச்சையாகவோ உள்ள தட்டு எடுங்கள், எவர்சில்வர் தட்டில் கோடு தெரியாது. ஆழம் அரை சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். கூடினால் அடி தெரியாது, கோடும் உடனே மூடும். ரவையை டப்பாவில் மூடி வைக்காவிட்டால் மறுநாள் எறும்புக்குத்தான் பாடம். கல் கோலமாவு வேண்டாம், தூசு மூக்கில் ஏறும்.

அடுத்தது உப்புத்தாள் எழுத்து. மாண்டிசோரி வகுப்புகளில் பார்த்திருப்பீர்கள். மரியா மாண்டிசோரி 1939இல் அடையாறு வந்து ஆசிரியர் பயிற்சி தொடங்கியதிலிருந்து சென்னைக்கு இது அறிமுகம்தான். கடையில் ஆங்கில எழுத்து எளிதாகக் கிடைக்கும், தமிழ் தேடினால்தான் உண்டு. வீட்டில் செய்வது கஷ்டமில்லை.

ஹார்டுவேர் கடையில் 120ஆம் நம்பர் உப்புத்தாள் கேளுங்கள். 80 விரலைக் கீறும், 220 வழவழப்பு, விரலுக்கு ஒன்றும் தெரியாது. எழுத்து உயரம் எட்டு முதல் பத்து சென்டிமீட்டர், கோட்டின் அகலம் ஒரு சென்டிமீட்டர். பெரும்பாலோர் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. பேனா ஓடுவது உப்புத்தாளின் பின்பக்கத்தில்தான். பின்பக்கம் நேராக எழுத்தை வரைந்து வெட்டித் திருப்பினால் 'ட' கண்ணாடியில் பார்த்த 'ட' ஆகிவிடும். அதனால் முதலில் சாதாரணத் தாளில் தடித்த எழுத்தாக வரைந்து, தாளைக் கவிழ்த்து ஜன்னல் கண்ணாடியில் வைத்து, ஊடே தெரிகிற உருவத்தை அந்தப் பக்கமும் வரையுங்கள். அந்த இடவலம் மாறிய உருவத்தை உப்புத்தாளின் பின்பக்கம் படியெடுத்து வெட்டினால் முன்பக்கம் சரியாக வரும். பழைய கத்தரிக்கோல் எடுங்கள், ஒரே எழுத்தில் முனை மழுங்கிவிடும். வழவழப்பான அட்டையில் ஃபெவிகால் போட்டு ஒட்டி, மேலே கனமான புத்தகம் வைத்து ஒரு ராத்திரி விடுங்கள். இல்லாவிட்டால் ஓரம் சுருண்டு எழும்பும். கோடு தொடங்கும் இடத்தில் ஒரு பச்சைப் புள்ளி.

ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்த்து, அழுத்தாமல், எழுதும் திசையில் தடவ வேண்டும். தடவிக்கொண்டே ஒலியைச் சொல்ல வேண்டும். ஒரு எழுத்துக்கு மூன்று முறை போதும். ஒரு நாளைக்கு இரண்டு எழுத்து, மிஞ்சினால் மூன்று.

#7 வல்லை_முன்பள்ளி

யாழ்ப்பாணப் பக்கத்தில இருந்து எழுதிறன். இங்க விஜயதசமிக்கு ஏடு தொடக்குவினம், சில வீடுகளில தைப்பூசத்துக்கும். ஆனால் முறையா எழுதப் பழக்கிறது தரம் 1இல, பிள்ளைக்கு ஐந்து வயது முடிஞ்ச பிறகு. முன்பள்ளியிலயே கொப்பி நிறைய எழுதுவிக்கச் சொல்லிப் பெற்றோர் கேக்கிறது இங்கயும் இருக்கு.

நான் சொல்ல வந்தது எழுத்தின்ர பெயரைப் பற்றி. ஆனா, ஆவன்னா, கானா, காவன்னா எண்டு பெயர் சொல்லிப் பழக்கினால் வாசிக்கேக்க இடிக்கும். 'பல்' எண்டதைப் பிள்ளை "பானா, இல்லன்னா" எண்டு சொல்லிப்போட்டு முழிக்கும். ஒலியை மட்டும் சொல்லிக் குடுங்கோ: ப, ல். பெயர் பிறகு தானா வரும்.

கொம்பும் அப்படித்தான். 'கெ'யில கொம்பு முன்னுக்கு நிக்குது, ஒலி பின்னுக்கு வருது. பிள்ளையை எழுத்துக் கூட்ட விடாமல் 'கெ' முழுசா ஒரு படம் மாதிரிக் காட்டுங்கோ. 247 எழுத்தும் அட்டவணையாப் பாடமாக்கிறது ஐந்து வயதுக்குள்ள தேவையே இல்லை.

#8 நுங்குவண்டி

சமையலறையை மறந்துவிட்டீர்களே. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேரும் வேலை வீட்டிலேயே கொட்டிக் கிடக்கிறது. பட்டாணி உரிப்பது, பூண்டுத் தோல் எடுப்பது, கீரை ஆய்வது, சப்பாத்தி மாவைக் கிள்ளி உருட்டுவது, துணிக் கிளிப்பை அமுக்கிக் கொடியில் மாட்டுவது. கோலமாவைச் சிட்டிகையாக எடுத்துப் புள்ளி வைப்பது பென்சில் பிடியேதான் (அரிசி மாவு கொடுங்கள்). மூன்றுக்கு மூன்று புள்ளி, அவற்றைச் சேர்க்க நேர்கோடு, அது போதும்.

இன்னொன்று, பலருக்குப் பிடிக்காது. நான்கு வயது வரை செல்போனைக் காட்டி ஊட்டிவிட்டால் பிள்ளையின் விரலுக்கு ஒரு நாளைக்கு மூன்று முறை கிடைக்க வேண்டிய பயிற்சி போய்விடுகிறது. சோற்றைப் பிசைந்து, விரல் நுனியில் திரட்டி, சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோவதைவிட நல்ல பயிற்சி எந்தக் கடையிலும் கிடைக்காது. சிந்தும். கீழே நியூஸ்பேப்பர் விரியுங்கள்.

பல்லாங்குழியும் நல்லது. ஆனால் புளியங்கொட்டை, சோழி எல்லாம் மூன்று வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாது, அதற்கு மேலும் கண் பார்வையில்தான். வாயில் போடுவது மட்டுமில்லை, மூக்கில் போட்டுக்கொண்டு சொல்லாமல் இருப்பதும் உண்டு. ஒரு மூக்கில் மட்டும் நாற்றமடிக்கும் சளி வந்தால் நீங்களே குடைந்து எடுக்கப் பார்க்காமல் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போங்கள்.

#9 செம்பருத்தி

எல்லாருக்கும் நன்றி. சிலேட்டு வாங்கலாமா? பல்பத்தைக் கடித்துத் தின்கிறாள் என்பதால் தயங்குகிறேன். இன்னொன்று, சாப்பிட வலது கை, கிறுக்க இடது கை. மாற்ற வேண்டுமா?

#10 ரவைத்தட்டு

கல் சிலேட்டு தாளைவிட நல்லது. பல்பம் உராய்கிற உணர்வு விரலுக்குத் திரும்பி வரும், அழுத்தவும் வேண்டும். தவறினால் துடைத்துவிடலாம், தப்புக் கணக்கு மிஞ்சாது. எச்சில் தொட்டு அழிப்பதைத் தடுக்க ஈரத்துணி ஒன்று கொடுத்துவிடுங்கள், துணியைப் பிழிவதும் கைக்கு வேலை. கோவை இலை கிடைக்கிற ஊர் என்றால் அதைவிடச் சுத்தமாக எதுவும் அழிக்காது. மரச்சட்டத்தின் மூலையில் ஆணி நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று மட்டும் தடவிப் பார்த்து வாங்குங்கள்.

பல்பம் தின்பதை வெறும் கெட்ட பழக்கம் என்று அடித்துத் திருத்தப் பார்க்காதீர்கள். பல்பம், சுண்ணாம்பு, மண் தின்னும் பிள்ளைகளுக்கு இரும்புச்சத்துக் குறைவு இருப்பது சகஜம். ரத்தத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள், இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் 11 கிராமுக்குக் கீழே என்றால் ரத்தசோகை. குடற்புழு மாத்திரை கடைசியாக எப்போது போட்டது என்றும் டாக்டரிடம் சொல்லுங்கள். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அங்கன்வாடியில் கொடுக்கிறார்கள், தனியார் பள்ளிப் பிள்ளைக்கு விட்டுப்போயிருக்கலாம். இரும்பு மருந்தை நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம், அளவு எடையைப் பொறுத்தது. அது சரியாகும் வரை பல்பத்துக்குப் பதில் ஈர பிரஷ்ஷும் சிலேட்டும். தண்ணீரால் எழுதினால் கருப்பாகத் தெரியும், காய்ந்தால் தானே அழியும்.

#11 மூன்றுசுழி

இடது கையை மாற்றக்கூடாது. எந்தக் கை என்பது நான்கிலிருந்து ஆறு வயதுக்குள் தான் நிலைக்கும், அதுவரை இரண்டையும் மாற்றி மாற்றி எடுப்பாள். பொருளை எப்போதும் நடுவில் வையுங்கள், எந்தக் கையால் வேண்டுமானாலும் எடுக்கட்டும். சாப்பாட்டுக்கு வலது கை என்று வீட்டில் பழக்கியிருப்பதால் எழுதும் கையும் வலது ஆகாது.

எழுதும் காலம் வந்ததும் இடக்கைப் பிள்ளைக்கு இரண்டு மாற்றம். தாளின் மேல்பக்கம் வலப்பக்கம் சாயட்டும் (வலக்கைப் பிள்ளைக்கு நேரெதிர்). பென்சிலை முனையிலிருந்து மூன்று சென்டிமீட்டர் தள்ளிப் பிடிக்கட்டும். அப்போதுதான் எழுதியது தெரியும், கை கருப்பாகாது. 'ட'வின் அடிக்கோட்டை வலக்கை இழுக்கும், இடக்கை தள்ளும். தள்ளும்போது கூரான பென்சில் தாளைக் கிழிக்கும், அதனால் 2பி மாதிரி மெத்தென்ற பென்சில்.

இப்போது முக்கியமான விஷயம். எழுதக் கை வரவில்லை என்பதற்காக வாசிப்பை நிறுத்த வேண்டியதில்லை. இரண்டும் வேறு வேறு வண்டி. அட்டையில் பத்து எழுத்து எழுதுங்கள்: ட இரண்டு, ப இரண்டு, ம இரண்டு, க இரண்டு, ல ஒன்று, ர ஒன்று. மெய்யெழுத்துக்குத் தனி அட்டை வேண்டாம். ஸ்டிக்கர் பொட்டு இரண்டு போதும், அதுதான் புள்ளி.

ப, ட, ம என்று மூன்று அட்டையை வரிசையாக வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். "பட...ம" என்பாள். ம-வின் தலையில் பொட்டு வைக்கச் சொல்லுங்கள். "படம்!" இடையில் இன்னொரு 'ட' நுழைத்து முதல் 'ட'வுக்கு ஒரு பொட்டு: பட்டம். பொட்டை இடம் மாற்றி இரண்டாவது 'ட'வுக்கு வைத்தால் வாயில் நுழையாது, அவளே சிரிப்பாள். புள்ளி என்ன வேலை செய்கிறது என்று அந்த நிமிஷம் புரிந்துவிடும். இந்தப் பத்து அட்டையில் மட்டும் மடம், மட்டம், பக்கம், மரம், கல், பல், பகல், கடல், மடல், கப்பல் எல்லாம் வரும். பப்படம் என்கிற நாகர்கோவில் வீடு என்றால் அதுவும் வரும்.

'பகல்' வரும்போது "க-ன்னு சொன்னீங்க, இங்க வேற மாதிரி இருக்கே" என்று சில பிள்ளைகள் கேட்கும். இடத்துக்குத் தக்கபடி ஒலி மெலியும் என்று இலக்கணம் எடுக்காதீர்கள். தெரிந்த வார்த்தையாக இருந்தால் பிள்ளை தானே சரிசெய்துகொள்ளும். அதனால்தான் தெரியாத வார்த்தையை அட்டையில் வைக்கக்கூடாது.

#12 எட்டாம்மைல்

பொட்டு யோசனை நன்று. ஆனால் வீட்டுப்பாடம் நாளைக்கும் வருமே, அதற்கு என்ன?

#13 நுங்குவண்டி

2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கே வீட்டுப்பாடம் கூடாது என்று சொல்லிவிட்டது. வழக்கு சிபிஎஸ்இ பள்ளிகளைப் பற்றியது. மத்திய அரசின் 2020 பள்ளிப் பை கொள்கை மழலை வகுப்புக்குப் பையே வேண்டாம் என்கிறது. ஆனால் இதை எடுத்துக்கொண்டு சண்டைக்குப் போனால் மிஸ்ஸுக்குத்தான் மேலிடத்துத் திட்டு விழும். கேட்பதைக் குறைத்துக் கேளுங்கள்: "ஒரு பக்கத்துக்குப் பதில் ஒரு வரி எழுதட்டும் மிஸ், பெரிய எழுத்தா, கிரேயான்ல." பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். பிள்ளை பெயரில் நீங்களே எழுதி நிரப்பி அனுப்பாதீர்கள். கை வந்துவிட்டது என்று நினைத்து அடுத்த வாரம் 'இ' கொடுப்பார்கள்.

#14 செம்பருத்தி

ஒரு வரி கேட்டுப் பார்க்கிறேன். டாக்டரிடம் காட்ட வேண்டிய அளவுக்கு எப்போது கவலைப்பட வேண்டும்? நோட்டு எப்போது வாங்கலாம்? ஆங்கிலமும் சேர்த்து எழுதச் சொல்கிறார்கள்.

#15 ரவைத்தட்டு

நான்கு வயது தாண்டியும் வட்டம் வராவிட்டால், பட்டன், ஸ்பூன், பந்து எல்லாவற்றிலும் கை தடுமாறினால், நன்றாகச் செய்துகொண்டிருந்ததை விட்டுவிட்டால், தாளை முகத்துக்கு மிகப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் காட்டுங்கள். கடைசியதற்கு முதலில் கண் டாக்டர். மற்றதற்குக் குழந்தை டாக்டர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைபாட்டைப் பார்க்கத் தனிப் பிரிவு இருக்கிறது, டி.இ.ஐ.சி. என்று கேட்டால் காட்டுவார்கள், கட்டணம் கிடையாது. எழுத்தைத் திருப்பிப் போடுவது மட்டும் என்றால் ஏழு வயது வரை பயமில்லை.

இரண்டு மொழியும் வாசிக்கலாம், பேசலாம். எழுத மட்டும் ஒரே மாசத்தில் இரண்டையும் தொடங்காதீர்கள். சின்ன பி, சின்ன டி மாதிரி திருப்பினால் வேறு எழுத்தாகிவிடும் தொல்லை தமிழில் இல்லை எனலாம், அதனால் தமிழில் தொடங்குவது பிள்ளைக்குச் சௌகரியம்.

நோட்டுக்கு அவசரமில்லை. சதுரமும் கூட்டல் குறியும் பார்த்துப் போட வந்ததும் ஒரு அங்குலக் கட்டம் போட்ட நோட்டு, கட்டத்துக்கு ஒரு எழுத்து. இரட்டைக்கோடு அதற்குப் பிறகு. கோட்டுக்குள் நிறுத்துவது தனி வித்தை, எழுத்தைக் கற்கும்போதே அதையும் கேட்டால் இரண்டும் கெடும். உட்காரும்போது கால் தரையில் படிய வேண்டும், மேஜை முழங்கை உயரம். நாற்காலி உயரமாக இருந்தால் காலுக்குக் கீழே ஒரு மணைப்பலகை.

#16 வல்லை_முன்பள்ளி

கட்டக் கொப்பிக்கு வந்த பிறகு ஒரு வரியில ஐந்து எழுத்து எழுதினால், அதில நல்லா வந்த ஒண்டைப் பிள்ளையையே வட்டம் போடச் சொல்லுங்கோ. நீங்கள் சிவப்புப் பேனை எடுக்க வேண்டாம்.

#17 செம்பருத்தி

இன்று மாலை ரவைத்தட்டில் ட. "இறங்கு, ஓடு" சொல்லித் தந்தேன். எட்டு முறை போட்டாள், ஆறு மேலிருந்து. உப்புத்தாள் நாளைக்கு வாங்குகிறேன், 120.